ஊருக்குப் போகாத கைகள்

தீபாவளிக்கு ஊருக்குப் போன தங்கப்பேச்சி தன் இரண்டு கைகளையும் கம்பெனியிலேயே வைத்துவிட்டுப் போனாள். பண்டிகைக்குக் கிளம்பும் அவசரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டிபன் பாக்ஸை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு, செருப்பை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு, கட்டிய புருஷனைக் கட்டணக் கழிப்பறையில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போன ஒருத்தியும் உண்டு. ஆனால் கைகளை, அதுவும் மறதியில் இல்லாமல் சொல்லிக்கொண்டே வைத்துவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை என்று லைன் சூப்பர்வைசர் மயிலாத்தா பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் சாயம் போட்ட துணி காயாமல் கிடந்து, பட்டறையிலிருந்து கம்பெனிக்கு வந்து சேரும்போது பண்டிகை வாசலுக்கு வந்துவிட்டது. குழந்தைகளுக்கான சிவப்பு நிற நைட் பேன்ட். தொடையில் கொம்பு வைத்த ஒரு பிராணி. அது மான் என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் சொன்னார், ஆடு என்று தையல் லைனில் முடிவாகிவிட்டது, ஆகவே அது கடைசிவரைக்கும் ஆட்டு ஆர்டர்தான். கடல் தாண்டிய தேசத்துக் குழந்தைகள் தங்கள் பண்டிகைக்கு முந்தின ராத்திரி போட்டுக்கொண்டு தூங்குவதற்கான துணியை இந்தத் தேசத்துப் பண்டிகைக்குள் தைத்து முடித்தாக வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்படவில்லை என்றால் கப்பல் இவர்களுக்காகக் காத்திருக்காது, பையரும் காத்திருக்க மாட்டார். அதனால் முதலாளி ஈஸ்வரமூர்த்தி, தைக்க வேண்டிய பீஸ் முடியாமல் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டு கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மயிலாத்தாவோ, பண்டிகைக்கு முன்னாலேயே எல்லோரையும் பஸ் ஏற்றிவிடுவதாக ஆடி மாதத்திலேயே லைனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இருபது வருஷம் மெஷினில் உட்கார்ந்து எழுந்தவள் கொடுத்த வாக்கு அது.

பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் வேலை ஓடாது என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். உடம்பு மெஷினில் இருக்கும், நினைப்பு தாராபுரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஒருத்தி பேன்ட்டின் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாள், இன்னொருத்தி ஆட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டு அது மேய்கிறது என்றாள். முதலாளி நாலு மணிக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார், ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார், இன்றைய உற்பத்தி என்று கரும்பலகை மாட்டிப் பார்த்தார். பஜ்ஜி தீர்ந்தது. பலகையில் யாரோ பஸ் புறப்படும் நேரங்களை எழுதிவைத்தார்கள்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் ஓவர்லாக் தைக்கிற தங்கப்பேச்சி எழுந்து மயிலாத்தாவின் முன்னால் வந்து நின்றாள். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டு ஊர் அவளுக்கு. பிள்ளைக்கு ஆறு மாசமானபோது அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள், வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள்.

"அக்கா, இன்னைக்கு பஸ்ஸுக்கு நான் போயாவணும்."

"பீஸு கெடக்குதே கண்ணு. மொதலாளி கேட்டுல உக்காந்திருக்கறாரு, பாத்தயில்ல?"

"ஆடிக்குப் போனப்ப எம் பிள்ள என்னையப் பாத்துட்டு எங்கம்மாட்ட கேக்கா, இந்த அத்தை எப்ப அவுக ஊருக்குப் போவாகன்னு. பேசப் பழகி அவ என்னையப் பத்திப் பேசின மொதப் பேச்சே அதுதாங்க்கா."

மயிலாத்தாவுக்குப் பிள்ளையின் கணக்கும் தெரியும், கப்பலின் கணக்கும் தெரியும்.

"எனக்கு பீஸு ஆகோணுமே கண்ணு," என்றாள்.

"பீஸ் தைக்க உங்களுக்கு என்ன வேணும்? கைதான வேணும்? நானா வேணும்? இந்தா, வச்சுக்கிடுங்க."

சொல்லிக்கொண்டே, இறுகிப்போன வளையலைக் கழற்றுகிற மாதிரி முதலில் வலது கையைத் திருகிக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு இடது மணிக்கட்டை மெஷின் விளிம்பில் கொடுத்து நெம்ப, அதுவும் வந்துவிட்டது. ரத்தம் இல்லை, காயம் இல்லை. சட்டைக் கைப்பட்டியை மடித்து அடித்த மாதிரி மணிக்கட்டு சுத்தமாக முடிந்திருந்தது. மேஜையில் கிடந்த கைகள் ஒன்றையொன்று துடைத்துக்கொண்டன, பண்டலிலிருந்து ஒரு பீஸை உருவின, ஊசிக்கு அடியில் கொடுத்தன. பெடலை மிதிக்கத்தான் கால் இல்லை. அயர்ன் மாஸ்டர் செந்தட்டி வெளியே போய் அரைச் செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து பெடலின் மேல் வைத்தான். மற்றதைக் கைகள் சுவிட்சைத் தட்டிப் போட்டும் நிறுத்தியும் பார்த்துக்கொண்டன. பீஸ் கோணல் இல்லாமல் ஓடி வந்து விழுந்தது.

"ஏ தங்கப்பேச்சி, கால் ரெண்டும் இருக்கான்னு பாத்துக்கிடு, பஸ்ல ஏறணும்லா," என்றான் செந்தட்டி. பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றவன், "இதுக்கு டீ கேக்காது, பீடி கேக்காது. யக்கா, என்னுதையும் வச்சுக்கிடுங்க," என்று தன்னுடையதையும் கழற்றினான்.

அவ்வளவுதான். செங்கலுக்குப் பக்கத்துக் காலி மனையில் பஞ்சமில்லை. பொழுது சாய்வதற்குள் லைன் முழுக்க, தேனிக்காரர்கள், சிவகங்கைக்காரர்கள், வந்தவாசிப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கைகளைக் கழற்றி அவரவர் மெஷினில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிவிடச் சொல்லி மயிலாத்தாவிடம் முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் ஒவ்வொரு கைக்கும் பண்டலுக்குக் கட்டுகிற துணிச்சீட்டைக் கட்டிப் பெயர் எழுதினாள். "பத்தரமா இருக்கும், போயிட்டு வா கண்ணு," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். வெறும் மணிக்கட்டுகளோடு ஆட்கள் வரிசையாக வெளியே போவதைப் பார்த்த முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே ஓடிவந்தார், ஓடுகிற மெஷின்களைப் பார்த்தார், மூச்சு வாங்கினார், பிறகு கேட்டார்.

"கையக் கழுவிட்டுத்தானே வெச்சாங்க? துணியில கறை ஆயிரப் போவுது."

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் அவர்களுடைய சட்டைப் பையில் தாங்களே கையை விட்டுப் பணம் எடுத்து, டிக்கெட்டைக் காதில் செருகி அனுப்பினார்கள். கூட்டத்தில் பிடித்துக்கொள்ளக் கை இல்லாதவர்களுக்கு உட்காரும் இடம் தானாகக் கிடைத்ததால், கையோடு வந்தவர்கள் சிலர் அதை ஒளித்துவைத்துக்கொண்டு ஏறினார்கள் என்று புகார் வந்தது. டீக்கடைக்காரர் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார், இளநீர்க்காரரிடம் கடன் வாங்கி. ஊர்களில் போய் இறங்கியபோதும் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. கம்பெனியில் லீவு தரலையாம், கையை வாங்கி வைத்துக்கொண்டு விட்டார்களாம் என்றதும், இந்த அளவுக்காவது விட்டார்களே என்றுதான் பெற்றவர்கள் சொன்னார்கள். கல்யாணமான பையன்களுக்கு அம்மா ஊட்டுவதா பெண்டாட்டி ஊட்டுவதா என்று சில வீடுகளில் சிறு தகராறு நடந்தது. கோயிலில் திருநீற்றைக் கேட்காமலே நெற்றியில் பூசிவிட்டார்கள். சீட்டாட்டத்தில் செந்தட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சீட்டுப் பிடித்துக் காட்ட, செந்தட்டி முதன்முறையாகத் தோற்றான்.

திருப்பூரிலும் அப்படித்தான். அடுத்த தெருக் கம்பெனிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்க ஆளுங்களுக்கு அவ்வளவு சுலபத்துல கழலாதுங்க, கொஞ்சம் முரட்டு ஆளுங்க என்று சொல்லிப் போனார்கள். தொழிற்சாலைகளைப் பார்வையிடுகிற அதிகாரி ஒருவர் வந்தார். கைகளுக்கு ஊசி குத்தாமல் மெஷினில் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, போனார். பையர் அனுப்பிய பெங்களூர் ஆடிட்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார், கைகளுக்குக் குடிதண்ணீர் வசதி செய்திருக்கிறீர்களா என்று. மயிலாத்தா ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். கைகள் அதில் விரலை நனைத்துக்கொண்டு நூல் நுனியை முறுக்கி ஊசியில் கோத்தன. ஆடிட்டர் திருப்தியோடு போனார்.

வேலை பறந்தது. பேச்சில்லை, பாத்ரூம் இல்லை, போன் இல்லை, உனக்கு என்ன கலர் சேலை எனக்கு என்ன கலர் சேலை இல்லை. மயிலாத்தா ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு பண்டல் தூக்கிக்கொண்டு நடந்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் தொண்டை கட்டிக்கொண்டது. ரேடியோவைப் போட்டாள், கைகளுக்குக் காது இல்லை என்று ஞாபகம் வந்து அணைத்தாள், பிறகு தனக்காகவே போட்டுக்கொண்டாள். ஆனால் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு கையும் யாருடையது என்று சீட்டு இல்லாமலே தெரிந்தது. வந்தவாசிப் பெண்ணின் கை பண்டல் முடிந்ததும் சொடக்குப் போட்டது. செந்தட்டியின் கை அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டு இல்லாத மீசையைத் தேடியது. தங்கப்பேச்சியின் இடது கை, முடித்த ஒவ்வொரு பேன்ட்டையும் அடுக்கும்போது மெல்ல இரண்டு தட்டுத் தட்டியது. அத்தனை நாள் அதே மெஷினில் அவளைப் பார்த்தும் மயிலாத்தா அதைக் கவனித்ததில்லை. முகம் இருந்ததால் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் முதலாளி வந்து லைனின் நடுவில் வெகுநேரம் நின்றார்.

"மயிலாத்தா, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டயே?"

"சொல்லுங்க மொதலாளி."

"இதே மாதிரியே வெச்சுக்கிட்டா என்ன? ஆளுங்க அவங்கவங்க ஊருல நிம்மதியா இருக்கட்டும். கை இங்க இருக்கட்டும். ஹாஸ்டல் வேண்டியதில்ல, வேன் வேண்டியதில்ல. பாவம், பெத்த புள்ளைங்களோட இருந்தாப்லயும் ஆச்சு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே கனிந்திருந்தது. "பண்டிகை முடியட்டுங்க," என்று மட்டும் சொன்னாள் மயிலாத்தா. பத்திரமாக இருக்கும் என்று அவள் வாங்கி வைத்தது இரவல் வாங்கிய சாமான் என்றே இதுவரை நினைத்திருந்தாள், திருப்பிக் கொடுக்காமலே வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு அவள் கம்பெனியைத் திறந்தபோது மெஷின்கள் அடங்கிக் கிடந்தன. கைகள் எல்லாம் மேஜை விளிம்பில் வரிசையாக, உள்ளங்கையைக் குழித்து ஏந்திக்கொண்டு இருந்தன. அவள் மேஜையைத் தட்டினாள், சுவிட்சைப் போட்டாள், பீஸை எடுத்து விரல்களுக்கு நடுவில் திணித்தாள். விரல்கள் பீஸை மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஏந்திக்கொண்டன. அவள் போன் பண்ணியதும் புது வேட்டியோடு ஓடிவந்த ஈஸ்வரமூர்த்தி ஒரு கணம் பார்த்தார்.

"எண்ணெய் கேக்குதப்பா," என்றார். போய் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து, மூக்கைச் சாய்த்து முதல் உள்ளங்கையில் விடப்போனார்.

"அட கெரகமே!" என்று டப்பாவைப் பிடுங்கினாள் மயிலாத்தா. "நல்ல நாளும் அதுவுமா மெஷின் எண்ணெயா உடுவீங்க?"

வீடு பக்கம்தான். நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து, ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கரண்டி விட்டாள். கைகள் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு மேலே எழும்பின, உச்சந்தலையைத் தேடி அந்தரத்தில் தடவின, தலை இல்லை என்று தெரிந்தும் இறங்காமல் அங்கேயே நின்றன. பார்க்கச் சகிக்காமல் மயிலாத்தா கொண்டையை அவிழ்த்துக் குனிந்தாள். ஒரு லைன் கைகளும் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தன. அம்மா போன பிறகு அவள் தலையை வேறொருவர் தொட்டதில்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றிப் பொட்டில் என்று அவை விடாமல் தேய்த்ததில் புது ஜாக்கெட் முதுகுவரை ஊறிப்போனது. ஈஸ்வரமூர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஆட்டுப் பேன்ட் ஒன்றை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகும் கைகள் தைக்கவில்லை. அவை அவரவர் வீட்டுத் தீபாவளியில் இருந்தன. ஒன்று காற்றில் மத்தாப்பைச் சுற்றியது, ஒன்று எதையோ ஊதி ஆற்றுவதற்காகத் தட்டைத் தூக்கிப் பிடித்தது. தங்கப்பேச்சியின் கைகள் மட்டும் முடித்த பேன்ட் பண்டல் ஒன்றை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கின, இறக்கின, மறுபடி தூக்கின. மயிலாத்தா போன் போட்டாள். தங்கப்பேச்சியின் அம்மா எடுத்தாள்.

"மயிலக்காவா? இருங்க, அவ காதுல வைக்கேன்."

"கண்ணு, உன்ற கை தைக்க மாட்டேங்குது. பண்டலத் தூக்கித் தூக்கி எறக்குது."

எதிர்ப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் தங்கப்பேச்சி பேசினாள். போன அன்று பிள்ளை வழக்கம்போல ஓடி ஒளிந்தாளாம். மறுநாள் அவளாகவே பக்கத்தில் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாளாம். அம்மாச்சி ஊட்டுவதைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பிடுங்கித் தானே ஊட்ட ஆரம்பித்தாளாம், பாதி மூக்கில், பாதி வாயில்.

"தெருவுல எல்லார்ட்டயும் போய்ச் சொல்லுதாக்கா, எங்கம்மா கை வேலைக்குப் போயிருக்கு, எங்கம்மா இங்க இருக்கான்னு. என்னைய அம்மாங்கா. இன்னைக்குப் புதுக் கவுனப் போட்டுக்கிட்டு எம் முன்னால வந்து, ரெண்டு கையையும் மேல தூக்கி, தூக்குன்னு சொல்லுதா. நான் என்னத்தக்கா வச்சுத் தூக்க? குனிஞ்சுக்கிட்டு நிக்கேன். அவ எறக்க மாட்டேங்கா கைய. இன்னும் அப்படியேதான் நிக்கா."

"எத்தன நேரம் நிப்பா?"

"தெரியலக்கா. வீம்புக்காரி. கோவிச்சுக்கிட்டு ஒளிஞ்சான்னா இனி அடுத்த ஆடிக்குத்தான்."

மயிலாத்தா போனை வைத்தாள். பேக்கிங்கில் கிடந்த ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளை இழுத்து, அடியில் வேஸ்ட் துணி பரப்பி, தெற்குப் பக்கத்துக் கைகளை ஒன்றில், தேனிக் கைகளை ஒன்றில், வடக்குக் கைகளை ஒன்றில் என்று எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். எண்ணெய்க் கைகள் வழுக்கின.

"மயிலாத்தா, என்ன பண்ணறே நீ? பாதி லைன் வேல கெடக்குது. நாளைக்குக் கன்டெய்னர்."

"தெரியுமுங்க."

"ரெண்டு நாளு பொறுத்து அனுப்பலாமே. கை என்ன ஓடியா போயிரும்?"

"கை ஓடாது. புள்ளை ஓடிரும்."

"அப்ப கப்பல்? யாரு தெப்பாங்க இத்தனையும்?"

மயிலாத்தா நிமிர்ந்தாள். முன்பு இருவரும் வேறொரு கம்பெனியில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து தைத்தவர்கள். அவர் முதலாளியான பிறகு அவள் அழைக்காத பெயர் ஒன்று இருந்தது.

"ஈசண்ணா, அந்தக் காலத்துல உங்க சிங்கர் மெஷினுக்கு ஈடு குடுக்க முடியாம நான் அழுதிருக்கறேன். உங்க ரெண்டு கையும் மணிக்கட்டோட நல்லாத்தானே இருக்குது? உக்காருங்க. நான் வந்தர்றேன்."

ஈஸ்வரமூர்த்தி தன் கைகளைப் பார்த்தார். மோதிரங்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார், அதற்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. தங்கப்பேச்சியின் மெஷினில் உட்கார்ந்து, காலால் செங்கல்லைத் தள்ளினார்.

பண்டிகை நாளில் பஸ் ஸ்டாண்ட் வெறிச்சென்று இருந்தது. ஊர்களுக்குச் சாமான் கொடுத்தனுப்புவதற்கு டிரைவரைவிட நம்பிக்கையான தபால் இன்னும் வரவில்லை. டிரைவர் கையில் கொடுத்து, வண்டி எண்ணைப் போனில் சொன்னால் போதும், ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் ஆள் வந்து நிற்பார். கோவில்பட்டி பஸ் டிரைவர் பெட்டியை வாங்கி அசைத்துப் பார்த்தார்.

"உடையற சாமானா?"

"இல்லைங்க. கை."

"உள்ள நெளியுதே."

"பண்டிகைங்க. கொஞ்சம் துள்ளிட்டிருக்குது."

"சரி, என் சீட்டுக்குப் பின்னாலயே வெச்சுக்கறேன். மேல வெயிட்டு எதும் வெக்க உடமாட்டேன்." பெட்டியை வைத்துவிட்டு, வெயில் படாமல் தன் துண்டை அதன்மேல் போட்டார்.

அவள் திரும்பி வந்தபோது ஈஸ்வரமூர்த்தி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையோடு தேடி வந்த அவருடைய மனைவி நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மயிலாத்தாவின் புருஷன், சாப்பாடு கொண்டுவந்தவன், அயர்ன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் தைத்த முதல் அடுக்கை மயிலாத்தா பிரித்துப் பார்த்து, பாதியைத் திருப்பி அவர் மடியிலேயே போட்டாள்.

"பிரிச்சுத் தெய்ங்க."

"ஏன், என்ன கொறை?"

"ஆடு நொண்டுது."

அவர் முனகிக்கொண்டே பிரித்தார். மதியத்துக்கு மேல் கை பழகிவிட்டது, வேகம் பிடித்துவிட்டது, யாரும் கேட்காமலே பழைய கதைகள் பேச ஆரம்பித்தார். மயிலாத்தாவின் தொண்டைக்கட்டு அவரைத் திட்டித் திட்டியே சரியானது. அந்த வருஷம் அந்தத் தேசத்தில் சில குழந்தைகள் கொஞ்சம் கோணலான தையல் போட்ட பேன்ட்டோடு தூங்கியிருக்கும். புகார் எதுவும் வரவில்லை. பண்டிகை முடிந்து லைனில் எல்லோரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள். செந்தட்டிக்கு மட்டும் இடது கை யாருடையதோ மாறிப்போய் மருதாணியோடு வந்திருந்தது, அது நன்றாக அயர்ன் பண்ணுகிறது என்று அவன் ஒரு வாரம் திருப்பிக் கொடுக்கவில்லை. கையை மட்டும் வைத்துக்கொள்ளும் பேச்சை ஈஸ்வரமூர்த்தி மறுபடி எடுக்கவில்லை. முதுகுவலியில் அவருக்கு அது ஞாபகம் வந்திருக்காது என்று மயிலாத்தா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பொழுது இறங்கும் நேரத்தில், அவளும் ஈஸ்வரமூர்த்தியும் இரண்டு மெஷினில் தைத்துக்கொண்டிருந்தபோது, போன் வந்தது. மயிலாத்தா மெஷினை நிறுத்திவிட்டு, மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"அம்மாவா பேசறது? பெட்டி வந்துருச்சுங்களா?"

"நாந்தாங்க்கா, தங்கப்பேச்சி."

"போன யாரு பிடிச்சிருக்கறா?"

"நாந்தான்."

அந்தப் பக்கம் மிக அருகில், போனுக்குள்ளேயே வாயை வைத்தது போல, யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு ஒரு சின்னக் குரல், யாரும்மா அது என்று கேட்டது.

"அக்கா, நான் வச்சிருதேன்," என்றாள் தங்கப்பேச்சி. "ஒத்தக் கையில இவளப் பிடிக்க முடியல. நல்லா கனக்கா."